ஆண்டு விழாவுக்கு ஒரு நோயாளி

குழந்தைசாமி எந்தக் காரியத்தையும் நல்ல நேரம் பார்த்துச் செய்தவர் இல்லை. நெஞ்சு வலியும் அவருக்கு அப்படித்தான் வந்தது. அரிமளத்தைத் தாண்டி ஒரு தைலமரக் காட்டில் லாரிக்குக் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர், தோளில் இருந்த கட்டையைப் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். பீடி குடிக்க உட்கார்ந்திருக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கொஞ்சம் தள்ளிப் பட்டை உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி செவந்திதான், மனிதர் பீடியைப் பற்றவைக்காமல் வெறுமனே கையில் வைத்திருப்பதைப் பார்த்தாள்.

கிட்டப் போனபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"வாயுவா இருக்கும். ஒரு சோடா குடிச்சா இறங்கிரும்," என்றார் குழந்தைசாமி. இடது கையை மட்டும் வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

சோடா இறங்கியது. வலி இறங்கவில்லை. குழந்தைசாமியின் பங்காளி வீட்டுத் தம்பி தங்கமுத்து, குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி வைத்திருந்தான். அதன் பின்னால் சாக்கை விரித்து அவரைப் படுக்க வைத்தார்கள்.

"நேரா திருச்சிக்கு விட்ருப்பா," என்றாள் செவந்தி.

"எதுக்கு மதினி அம்புட்டுத் தூரம்? புதுக்கோட்டையில புதுசா ஒண்ணு வச்சிருக்காகல்ல. எல்லா ஊரு டாக்டரும் டிவியிலயே வந்துர்றாகளாம். நம்ம போக வேணாம், அவுகளே வருவாக."

தங்கமுத்து பொய் சொல்லவில்லை. மையத்தின் வாசலிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. 'இணைய வழிச் சிறப்பு மருத்துவர் கூட்டாலோசனை மையம்' என்று பெரிதாக. அதற்குக் கீழே, 'தூரம் இனி உங்கள் எதிரி அல்ல' என்று. செவந்தி பத்தாவது வரை படித்தவள். பொட்டலம் மடித்த பேப்பரைக்கூடப் படிக்காமல் போட மாட்டாள். வாசலில் வாழைமரம் கட்டியிருந்ததையும் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்ததையும் பார்த்து, கல்யாண மண்டபத்துக்கு வந்துவிட்டோமோ என்று அந்தப் பலகையை இரண்டாவது தடவையும் படித்தாள்.

உள்ளேயிருந்து கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் ஓடி வந்தார். பெயர் ரகுநாத், காணொலி ஒருங்கிணைப்பாளர்.

"வந்துட்டீங்களா," என்றார். அழைப்பிதழ் கொடுத்தவர் கேட்கிற மாதிரி இருந்தது. "நெஞ்சு வலிதானே? ரொம்ப நல்லதாப் போச்சு."

அன்றைக்கு மையத்தின் ஆண்டு விழா. சென்னை, கோயமுத்தூர், மதுரை என்று நாலா திசையிலிருந்தும் நிபுணர்கள் இணையத்தில் வந்து காத்திருந்தார்கள். கூட்டாலோசனை எப்படி நடக்கிறது என்று நேரலையில் காட்டுவதாகத் திட்டம். விளக்கு, மாலை, மேடை எல்லாம் தயார். நோயாளி மட்டும் இல்லை. பேசி வைத்திருந்த நோயாளி குணமாகிவிட்டாராம். அதைச் சொல்லும்போது ரகுநாத்தின் முகம் வாடியது.

"கடைசி நேரத்துல இப்படிப் பண்ணிட்டாரும்மா. பொறுப்பில்லாத மனுசன்."

தங்கமுத்து அண்ணனைத் தூக்கிக்கொண்டு கட்டில் எங்கே என்று தேடினான். கட்டில் இருந்தது. ஆனால் படுத்தால் கேமராவில் முகம் விழாது. அதனால் மேடையில், வரவேற்புக்கு மாப்பிள்ளை உட்காருகிற சிவப்பு மெத்தை நாற்காலி ஒன்றில் குழந்தைசாமியை உட்கார வைத்தார்கள். நர்ஸ் சரண்யா கையில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு ஈசிஜி எடுத்தாள். அங்கிருந்த பணி மருத்துவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம்தான் நோயாளி முகம் மாதிரி ஆனது.

"என்ன சார்?" என்றாள் செவந்தி.

"எனக்குத் தெரியுதும்மா. ஆனா நான் சொல்லக்கூடாது. நான் சொன்னா அது அபிப்பிராயம். ஸ்பெஷலிஸ்ட் எல்லாரும் ஒத்துச் சொன்னாத்தான் முடிவு. குரூப்ல போட்டுர்றேன்."

குரூப்பில் போட்டார். அன்று காலையிலிருந்து அந்த வாட்ஸ்அப் குரூப்பில் ரோஜாப்பூவோடு 'ஆண்டு விழா நல்வாழ்த்துகள்' வந்துகொண்டே இருந்தது. ஈசிஜி போன மறு நிமிடமே அதன் தலையில் ஏழெட்டு ரோஜாப்பூ விழுந்து, அது கண்ணுக்குத் தெரியாமல் மேலே போய்விட்டது.

ரகுநாத் சுற்றிச் சுற்றி வந்து குழந்தைசாமியைப் பார்த்தார். திருப்தி இல்லை.

"சிஸ்டர், வேர்வை பளபளன்னு அடிக்குது. ஸ்கிரீன்ல மூஞ்சியே தெரியாது. கொஞ்சம் டச்சப் பண்ணி விடுங்க."

சரண்யா தன் கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தாள். நெற்றி, கன்னம், கழுத்து என்று துடைத்துத் துடைத்துப் போட்டாள். திரும்ப வேர்த்தது, திரும்பப் போட்டாள். தலைக்கும் எண்ணெய் தொட்டுச் சீவிவிட்டாள். செவந்தி தன் புருஷனை இவ்வளவு சிவப்பாகப் பார்த்தது அவர்கள் கல்யாணப் போட்டோவில் மட்டும்தான்.

"ஏ செவந்தி, என்ன பண்றாக?" என்றார் குழந்தைசாமி.

"டிவியில வரப் போறீங்களாம். பேசாம இருங்க."

விழா தொடங்கியது. கடவுள் வாழ்த்துக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். எழ முடியாத நோயாளிகள் மனத்தளவில் எழுந்து நிற்கலாம் என்று ரகுநாத் மைக்கில் சலுகை அறிவித்தார். ஆனால் குழந்தைசாமி பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். பாட்டு முடியும்வரை தங்கமுத்துவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு விளக்கேற்றினார்கள். திரையில் இருந்த நிபுணர்கள் அவரவர் ஊரிலிருந்தே கையை நீட்டி ஏற்றுவது மாதிரி பாவனை செய்தார்கள்.

மையத்தின் தலைவர் டாக்டர் ரெங்கராஜ் தலைமையுரைக்கு எழுந்தார். வெண்ணிறக் கோட்டுக்கு மேலே சந்தன மாலை போட்டிருந்தார்.

"அன்பார்ந்தவர்களே. ஒரு காலத்தில் இந்த மாவட்டத்தில் ஒருவனுக்கு நெஞ்சு வலி வந்தால் என்ன செய்தான்? கீரனூர் வழியாகத் திருச்சிக்கு ஓடினான். அங்கே என்ன நடந்தது? ஒரே ஒரு டாக்டர் பார்த்தார். ஒரே டாக்டர். அவர் பாட்டுக்கு ஊசியைப் போட்டு, அவர் பாட்டுக்கு உள்ளே கொண்டுபோய் அடைப்பை எடுத்து, பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மற்ற டாக்டர்களின் கருத்து என்ன? சிறுநீரகத்திடம் கேட்டாரா? நரம்பிடம் கேட்டாரா? அந்த அவசர புத்தியைத்தான் இந்த மையம் இந்த மாவட்டத்திலிருந்து ஒழித்திருக்கிறது. இங்கே எல்லா நிபுணரும் ஒருமித்துச் சொல்லாமல் ஒரு நோயாளியும் ஒரு அடி நகர முடியாது. இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கை தட்டினார்கள். கை தட்டாமல் இருந்த ஒரே ஆள் குழந்தைசாமி. அவருடைய ஒரு கையில் ஊசி இருந்தது, இன்னொரு கை நெஞ்சில் இருந்தது.

அடுத்தது பொன்னாடை. வந்த விருந்தாளிக்குப் பொன்னாடை போர்த்தாமல் நம் ஊரில் கூட்டம் நடத்துவது முறையில்லை. ஆனால் விருந்தாளிகள் எல்லோரும் டிவிக்குள் இருந்தார்கள். ரெங்கராஜ் சற்றும் தயங்கவில்லை. சென்னைச் சிறுநீரக நிபுணரின் பெயரைச் சொன்னதும் டிவிக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். கோயமுத்தூர் நரம்பு நிபுணருக்கு அதன் மேலேயே இன்னொன்று. மதுரைச் சர்க்கரை நிபுணருக்கு, வயிற்று நிபுணருக்கு, இதய நிபுணர் டாக்டர் ரத்தினவேலுக்கு என்று வரிசையாகப் போர்த்தி, ஒவ்வொன்றுக்கும் டிவியின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கேமரா டிவியின் தலையில்தான் இருந்தது.

பொன்னாடைக்கு உள்ளேயிருந்து குரல்கள் வந்தன.

"ஒரே இருட்டா தெரியுதே. எக்ஸ்ரேயா போட்டிருக்கீங்க?"

"அடர்த்தி ஜாஸ்தியா இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கறுப்பு. இது என் துறை இல்ல, நுரையீரலா இருக்கலாம்."

"எனக்கும் ஒண்ணும் தெரியல. கண் ஸ்பெஷலிஸ்ட்ட இணைச்சுக்கலாம்."

கண் நிபுணரை இணைத்தார்கள். புதிதாக வந்தவர் என்பதால் அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

அந்த நேரத்தில்தான் செவந்தி ஒன்றைக் கவனித்தாள். இதய நிபுணர் ரத்தினவேல் பேசும்போது குரல் இரண்டு தடவை கேட்டது. முதலில் தலைக்கு மேலே, மாடியிலிருந்து. அப்புறம் டிவியிலிருந்து. மாடியில் யாரோ தும்மினார்கள். அந்தத் தும்மல் கொஞ்சம் பொறுத்து டிவியிலும் வந்தது. செவந்தி புருஷனைத் தங்கமுத்துவிடம் விட்டுவிட்டுப் படியேறினாள்.

மாடி அறையில் ஒரு மேசை, ஒரு லேப்டாப். அதற்கு முன்னால் டாக்டர் ரத்தினவேல் உட்கார்ந்திருந்தார். மேலே கோட்டும் டையும். கீழே கட்டம் போட்ட கைலி. பின்னால் சுவரில் வெறும் சுண்ணாம்புதான். லேப்டாப்பில் மட்டும் அவருக்குப் பின்னால் பெரிய கண்ணாடிக் கட்டடங்கள் தெரிந்தன.

"சார், அவரு கீழதான் இருக்காரு. ஒரு எட்டு வந்து பாருங்க சார்."

ரத்தினவேல் பதறிப்போய் மைக்கைக் கையால் மூடினார்.

"யாரும்மா ஒங்கள மேல விட்டது? நான் இங்க இல்லம்மா. சென்னையில இருக்கேன்."

"இங்கதான சார் இருக்கீங்க."

"இருக்கேன். அது வேற. தூரத்துல இருக்குற ஸ்பெஷலிஸ்ட்டுக்குத்தான் இந்தத் திட்டத்துல இடம். இதே ஊருல இருக்கேன்னு தெரிஞ்சா என்னை எடுத்துருவாங்க. அப்புறம் ஒங்க வீட்டுக்காரருக்கு இதய டாக்டரே இல்லாமப் போயிரும். யோசிச்சுப் பாருங்க." அவர் குரல் கனிந்தது. "நீங்க கீழ போயி கேமரா முன்னாடி நில்லுங்க. நான் நல்லாக் கேட்டுப் பாக்குறேன். வீட்டுக்காரர் பேர் என்ன?"

"குழந்தைசாமி."

"இத இப்ப சொல்லக்கூடாது. கீழ போயி சொல்லுங்க."

செவந்தி கீழே வருவதற்குள் பொன்னாடைகளைக் கழற்றியிருந்தார்கள். குழந்தைசாமியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ரகுநாத் அதை இரண்டு கையாலும் நிமிர்த்தி, படத்துக்கு நடுவில் கொண்டுவந்தார்.

"வியர்வை இருக்கா?" என்றார் டிவியில் ரத்தினவேல்.

"இல்ல சார். முகம் நல்லா பிரைட்டா இருக்கு," என்றார் ரகுநாத்.

"எனக்கும் வியர்வை தெரியல. இதயம்னா வியர்த்திருக்கணும்."

"வேர்த்துச்சு சார், பவுடரப் போட்டு..." என்று செவந்தி ஆரம்பித்தாள்.

ரெங்கராஜ் புன்னகையோடு அவளைத் தடுத்தார். "அம்மா, இது ஒழுங்கு முறையோடு நடக்கிற சபை. பேச விரும்பினால் கையை உயர்த்த வேண்டும்."

செவந்தி கையை உயர்த்தினாள்.

"இங்கே அல்ல. திரையில்."

திரையில் கையை உயர்த்த ஒரு பொத்தான் இருந்தது. அது ரகுநாத்தின் லேப்டாப்பில் இருந்தது. ரகுநாத் விழாவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். செவந்தி உயர்த்திய கையோடு நின்றாள்.

நிபுணர்கள் ஒவ்வொருவராகக் கருத்துச் சொன்னார்கள். சிறுநீரகத்தில் பிரச்சினை இல்லை என்று காரில் போய்க்கொண்டே ஒருவர் சொன்னார். நரம்பு பற்றிப் பயப்பட வேண்டாம் என்றார் ஒருவர். சர்க்கரை நிபுணர் மேடையில் வைத்திருந்த லட்டுத் தட்டைப் பார்த்து அதை அப்புறப்படுத்தச் சொன்னார். கண் மிக நன்றாக இருப்பதாகக் கண் நிபுணர் சொன்னார். வயிற்று நிபுணர் சோடா குடித்தாரா என்று கேட்டு, குடித்தார் என்றதும் சிரித்தார்.

ரெங்கராஜ் தொகுத்துச் சொன்னார். "சிறுநீரகம் நன்று. நரம்பு நன்று. கண் நன்று. தனித்தனியாக எல்லாம் நன்றாக இருக்கும்போது, மொத்த ஆள் மட்டும் எப்படி மோசமாக இருக்க முடியும்?"

"ஏ செவந்தி," என்றார் குழந்தைசாமி. அவர் சட்டையில் குத்தியிருந்த மைக் அதை மண்டபம் முழுக்கச் சொன்னது. "திருச்சிக்குப் போயிருவமா?"

செவந்தி கையை இறக்கினாள். "தங்கமுத்து, நீ கால் பக்கம் பிடி," என்றாள்.

தூக்கப் போனார்கள். சரண்யா குறுக்கே வந்தாள்.

"அக்கா, ட்ரிப்ஸ் ஏறிக்கிட்டிருக்கு. பாதியில எடுக்கக்கூடாது. டாக்டர் சொல்லணும்."

"எந்த டாக்டரும்மா?"

"எல்லா டாக்டரும்."

"நீங்க என்னா ஆளுக," என்றான் தங்கமுத்து. "மனுசன் செத்துக்கிட்டிருக்கான், லட்டப் பாத்துக்கிட்டிருக்கீக."

"நோயாளி தரப்பில் ஒருவர் உணர்ச்சிவசப்படுகிறார்," என்று ரெங்கராஜ் திரைக்குச் சொன்னார். "திருச்சிக்கு அனுப்பலாமா என்பதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம். ஆனால் ஒன்று. நம் ஆண்டு விழா அன்றே, நம் மேடையிலிருந்தே ஒரு நோயாளி இன்னொரு ஊருக்குப் போகிறான் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதையும் நிபுணர்கள் மருத்துவ ரீதியாகக் கணக்கில் கொள்ள வேண்டும்."

வாசலில் இருந்த காவலாளி, அமர்வு நடக்கும்போது யாரும் வெளியே போகக்கூடாது என்று கதவைச் சாத்தினார். தங்கமுத்து அவரோடு மல்லுக்கு நின்றான். வந்திருந்தவர்கள் அதையும் செல்போனில் படம் பிடித்தார்கள். அத்தனை பேரும் மண்டபத்தின் இணையத்தில்தான் நேரலை போட்டுக்கொண்டிருந்தார்கள். டிவியில் சின்னதாக ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

செவந்தி நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்தாள். பிடித்த கை திருப்பிப் பிடிக்கவில்லை. "ஏங்க," என்றாள். கன்னத்தைத் தட்டினாள். விரலில் பவுடர் ஒட்டியது. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து டிவியைப் பார்த்து, மரியாதையாகவே சொன்னாள்.

"ஐயா, அவரு போயிட்டாரு."

டிவியில் யாரும் பதறவில்லை. அவர்கள் பக்கம் படம் உறைந்து நின்றிருந்தது. அதில் குழந்தைசாமி கண்ணைத் திறந்து, லேசாக வாயைத் திறந்து, தலை வாரி, நேராக அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லையே. நல்லாத்தானே இருக்கார்," என்றார் நரம்பு நிபுணர்.

"முன்ன விட இப்ப தெளிவா இருக்கார். அசையாம ஒத்துழைக்கிறார்," என்றார் கண் நிபுணர்.

"மூச்சு இல்லைங்க ஐயா."

"அம்மா, பயப்படாதீங்க," என்றார் காரில் போய்க்கொண்டிருந்தவர். "எங்க பக்கம் உயிரோடதான் இருக்கார். ஒங்க பக்கம் நெட் பிராப்ளமா இருக்கும்."

ரத்தினவேலின் குரல் மாடியிலிருந்தும் டிவியிலிருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ரோஜாப்பூக்களைத் தள்ளித் தள்ளி அவர் ஈசிஜியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஐயய்யோ, இது பெரிய அட்டாக். இத யாரும் பாக்கலையா? ஒரு நிமிசம்கூட வச்சிருக்கக்கூடாது. ஒடனே திருச்சிக்கு அனுப்புங்க. நான் தீர்மானத்தை ஆதரிக்கிறேன்."

சிறுநீரகம் ஆதரித்தது. நரம்பு ஆதரித்தது. சர்க்கரை, வயிறு, கண் எல்லாம் ஆதரித்தன. மையத்தின் சரித்திரத்தில் இவ்வளவு வேகமாக ஒருமித்த கருத்து வந்ததே இல்லை என்று ரெங்கராஜ் தழுதழுத்த குரலில் அறிவித்தார்.

அப்போதுதான் செவந்தி அழுதாள். அவர் சட்டை மேல் விழுந்து, அடி வயிற்றிலிருந்து எடுத்து அழுதாள். அங்கேதான் மைக் இருந்தது. மண்டபத்தின் ஒலிபெருக்கி எல்லாம் அதிர்ந்தது. டிவியில் நிபுணர்கள் காதிலிருந்து கருவியைப் பிடுங்கினார்கள். "யாரோ மைக்க ஆஃப் பண்ணல, மியூட் பண்ணுங்க," என்று ஒருவர் கத்தினார். ரகுநாத் ஓடி வந்து ஒரு பொத்தானை அழுத்தினார்.

இணையம் சரியாகிவிட்டது. டிவியில் செவந்தியின் முகம் பெரிதாக வந்தது. வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் இல்லை. இரண்டு கையும் தலைக்கு மேலே கும்பிடுகிற மாதிரிப் போய், மாரில் வந்து விழுந்தன.

"நோயாளியின் குடும்பம் நன்றி சொல்ல வார்த்தை இல்லாமல் தவிக்கிறது," என்றார் ரெங்கராஜ்.

திரையில் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னக் கைகள் கிளம்பி, தட்டிக்கொண்டே மேலே போயின.

தீர்மானம் நிறைவேறிவிட்டதால் அதைச் செயல்படுத்தியாக வேண்டும். குழந்தைசாமியை ஆம்புலன்சில் ஏற்றி, கையில் ஊசியை ஒழுங்காகக் குத்தி, திருச்சிக்கு அனுப்பினார்கள். ரெங்கராஜ் பச்சைக் கொடியை அசைத்தார். சைரன் வைத்துக்கொண்டு போனார்கள். கீரனூரில் பேருந்துகள் எல்லாம் ஓரம் கட்டி வழிவிட்டன. ஒரு கிழவர் சைக்கிளோடு பள்ளத்தில் இறங்கி நின்று இவர்களுக்காகக் கும்பிட்டார். டிரைவர் நல்ல கெட்டிக்காரர், நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

திருச்சி ஆஸ்பத்திரியில் வண்டி நின்றதும் ஒரு சின்ன வயசு டாக்டர் ஓடி வந்தார். வண்டிக்குள்ளேயே ஏறி, குழந்தைசாமியின் கழுத்தில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் செவந்தியை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கேருந்தும்மா வர்றீங்க?"

"புதுக்கோட்டையிலேருந்து சார்."

"அங்க எந்த டாக்டரும் பாக்கலையா?"

"பாத்தாங்க சார்," என்றாள் செவந்தி. "எல்லா ஊரு டாக்டரும் பாத்தாங்க."